கிட்லி கிராசிங்கில் இலவச ஃபீட்

ஷயர் என்கிற வட்டார நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை ஊர்ச் சங்கச் செயலாளர் டாட் குயின்லன் மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அது ஒன்றையேதான் சொன்னது.

'கிட்லி கிராசிங்கில் ட்ராஃபிக் மிகவும் குறைவு. சனிக்கிழமை தொடங்கி ஒரு வாரம் கணக்கெடுப்போம். நாளொன்றுக்கு ஐம்பது என்ற சராசரி வராவிட்டால் நிரந்தரமாக மூடப்படும்.'

ஊரின் பெயர் கிட்லி கிராசிங். ஷயர் செலவில் டாட் நடத்திவந்த வலைத்தளத்தின் பெயரும் அதுதான். ஏழு வருடமாக, விடிந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவாள். அளவுக் கம்பத்தில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துவந்து தளத்தில் எழுதுவாள். காய்ச்சலுக்கும் லீவு போட்டதில்லை, மகள் கல்யாணத்துக்கும் போட்டதில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் பாக்கறாங்க?" என்று கேட்டான் அவள் கணவன் கெவ்.

"பதினொண்ணு."

"அதுல நீ எத்தனை?"

"நாலு."

நூலகத்தில் ஒரு கணினிப் பத்திரிகை வழி சொன்னது. ஆர்எஸ்எஸ் ஃபீட் என்று ஒன்று. தளத்தில் எழுதுவது, சந்தா சேர்ந்தவர்களின் கணினிக்குத் தானாகவே போய்விடும். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் தளத்தைத் தேடி ஓடி வருவார்களாம்.

அறுபத்தொரு வயதில், கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டே நாளில் டாட் அதைத் தானே எழுதிப் பொருத்திவிட்டாள். பிறகு ஊர்க் கடை வாசலில் அட்டை தொங்கவிட்டாள்: 'கிட்லி கிராசிங் ஃபீட். முற்றிலும் இலவசம். சனிக்கிழமை பகல் ஊர் ஹாலில் வந்து சேருங்கள்.'

அந்த ஊரில் ஃபீட் என்றால் ஒரே அர்த்தம்தான். வயிறு முட்டச் சாப்பாடு.

அறுபது பேர் தட்டோடு வந்தார்கள். அக்கரையிலிருந்து மெர்வ் ஸ்டப்ஸ் தன் குடும்பத்தை இரண்டு வண்டிகளில் ஏற்றி வந்திருந்தான்.

"எங்க டாட், சாப்பாடு?"

"மெர்வ், இது கம்ப்யூட்டருக்கு வர்ற ஃபீட்."

"கம்ப்யூட்டர் தின்னா என் வயிறு நிறையுமா? காலைலேர்ந்து பட்டினி கிடந்து வந்திருக்கேன்!"

டாட் கசாப்புக் கடைக்கு ஓடினாள். இருந்த சாசேஜ் அத்தனையையும் வாங்கிவந்து சுட்டு, வெங்காயத்தோடு ரொட்டியில் மடித்து ஒரு கையில் கொடுத்தாள். மறு கையில் சந்தாத் தாளைத் திணித்தாள். ஐம்பத்தெட்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மீதி இரண்டும் கைக்குழந்தைகள்.

"ஆத்துப் பாலத்துக்குக் குறுக்கே எவனோ தோட்டத்துக் குழாயைப் போட்டுட்டுப் போயிருக்கான்" என்றான் கெவ், விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு. "வண்டி ஏறும்போதெல்லாம் டொக்கு டொக்குங்குது."

"எனக்கிருக்கிற கவலையில குழாய்தான் குறைச்சல்!"

திங்கட்கிழமை தளத்துக்கு வந்தவர்கள் மூன்று. மூன்றும் டாட்தான். மெர்வுக்குப் போன் போட்டாள்.

"ஏன் மெர்வ், தளத்துப் பக்கமே வரல?"

"எதுக்கு வரணும்? நீ எழுதறது முழுசா இங்கயே வந்துடுதே! என்ன ஒரு ஏற்பாடு! உனக்கு இருக்கிறது மூளையே இல்ல டாட், தங்கம்."

இனி ஃபீடில் முதல் நான்கு வார்த்தைகள் மட்டும் போகட்டும் என்று டாட் முடிவு செய்தாள். மிச்சம் வேண்டுமென்றால் தளத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்?

புதன்கிழமை எழுதினாள்: 'பாலத்தின் மேல் தண்ணீர் ஏறி இன்றோடு ஏழு வருடம் ஆகிறது. அன்று தொடங்கியதுதான் இந்தத் தளம்.'

ஃபீடில் போனது: 'பாலத்தின் மேல் தண்ணீர் ஏறி…'

அந்த ஊர் இணையத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். யாரும் காத்திருக்கவில்லை. பாலம் முழுகினால் நூறு கிலோமீட்டர் சுற்றவேண்டும். அதற்குள் மெர்வ் ஆடுகளை டிரக்கில் ஏற்றிப் பாலம் தாண்டி ஆறு நடை அடித்தான். பள்ளிப் பேருந்து பத்து மணிக்கே பிள்ளைகளோடு திரும்பியது. பப் நடத்தும் வால், பீர் பீப்பாய்களை மேட்டுக்கு ஏற்றினாள்.

பாலத்துக்குக் கீழே ஆறு கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் ஒருவரும் நம்பவில்லை.

"மேலேர்ந்து வந்துட்டிருக்கும்" என்றாள் வால். "ஏழு வருஷத்துல டாட் ஒரு சென்டிமீட்டர் தப்பாச் சொன்னதில்ல."

போனில் ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்பதிலேயே டாட்டுக்குப் பொழுது போய்விட்டது. அன்று தளத்துக்கு வந்தவர்கள் பூஜ்யம். அவள்கூடப் பார்க்கவில்லை.

வியாழன் காலை ஃபீடை மறுபடி முழுசாக்கிவிட்டு எழுதினாள்: 'ஆற்றில் தண்ணீர் 0.1 மீட்டர். நேற்றைய குழப்பம் என் தவறு. நாளையோடு ஷயர் இந்தத் தளத்தை மூடுகிறது. இத்தனை நாள் படித்ததற்கு நன்றி.'

வெள்ளிக்கிழமை பகல் அக்கரை மொத்தமும் பாலம் தாண்டி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. இந்த முறை தட்டுகள் நிறைந்திருந்தன.

"இன்னிக்கு ஃபீட் எங்க செலவு" என்றான் மெர்வ், ஒரு முழு ஆட்டுத்தொடையைத் தூக்கிக் காட்டி. "விடியறதுக்குள்ள எழுந்து ஆத்தை அளக்கிற பொம்பளையை மூடறானாமா? எவன் அவன்? வரச்சொல்லு!"

அவனே வந்தான். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஷயர் ஆள். தோளில் சுருட்டிய கறுப்பு ரப்பர் குழாய், கையில் ஒரு சின்னப் பெட்டி.

"யாரு மிஸஸ் குயின்லன்? ஒரு வாரத்துல அறுநூத்து முப்பது! சராசரி தொண்ணூறு. இனி மூடற பேச்சே இல்ல. எப்படிங்க சாதிச்சீங்க?"

டாட் அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "அறுநூறா? என் கணக்குல இருபதைத் தாண்டலியே! அப்ப என் வலைத்தளத்தை மூட மாட்டீங்களா?"

அவன் குழாயைக் கீழே வைத்துவிட்டு அவளை விநோதமாகப் பார்த்தான்.

"வலைத்தளத்தை எதுக்குங்க மூடணும்? நானே தினம் ஃபீட்ல படிக்கிறேன். கிராசிங்னா ஆத்தைக் கடக்கிற இடம்; இந்தக் குழாய் எண்ணினது வண்டிகளை. நாங்க மூட இருந்தது பாலத்தை."