வட்டத்துக்குக் கண் கிடையாது

ஆறு வயதுப் பிள்ளைகளின் அறிவை அளந்துவிடுவது என்று பள்ளிக்கூட நிர்வாகம் தீர்மானித்தது. அளப்பதற்குக் கருவி வந்தது. கருவிக்கு உறை வந்தது, உறைக்குப் பூட்டு வந்தது, பூட்டின் சாவியை வைத்திருக்க மதிப்பீட்டு அலுவலர் என்று ஒருவர் வந்தார். பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள்.

முடிவு, வழவழப்பான ஒரு தாளில் வீடு வீடாக வந்து சேர்ந்தது. பொடிசு என்ற சிறுமியின் தாளில் ஒரு மலை அச்சாகியிருந்தது. மலையின் இடது அடிவாரத்தில், இன்னும் ஏறவே தொடங்காத இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பொடிசு. 'தங்கள் குழந்தை மூன்றாம் நூற்றுமானத்தில் உள்ளது' என்று கீழே மரியாதையாக எழுதியிருந்தது.

சரக்கு வண்டி ஓட்டும் பொடிசின் அப்பா அதை மூன்றாம் ரேங்க் என்று எடுத்துக்கொண்டு, வண்டி நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அது ரேங்க் இல்ல மாமா," என்றாள் சித்தி. பொடிசின் அம்மாவுக்குத் தங்கை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த ஒரே ஆள். "நூறு பேரை வரிசையா நிக்க வெச்சா, இவளுக்குப் பின்னாடி மூணு பேர் இருப்பாங்கன்னு அர்த்தம்."

"முன்னாடி?"

"மத்தவங்க எல்லாரும்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். குடித்தவர்களிடம் போய் டீயைத் திருப்பிக் கேட்க முடியாது.

தாளின் பின்பக்கம்தான் விஷயமே இருந்தது. சராசரிக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் திங்கள்கிழமை முதல் மாடியில் உள்ள 'கூடுதல் அக்கறைப் பிரிவு'க்கு மாற்றப்படுவார்கள்.

"பட்டாணியும் வருவாளா?" என்று கேட்டது பொடிசு. பட்டாணி, ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழி.

"அவ சராசரிக்கு மேலயாம்டி," என்றாள் அம்மா.

"அப்ப நான் போகல. பட்டாணிக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. நான்தான் கட்டிவிடணும்."

அம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள். "நீ போய் என்னன்னு கேளு. உன்ன எதுக்குப் படிக்க வெச்சோம்?"

மாத்திரை அட்டையிலிருந்து வங்கிச் சலான் வரை எந்தத் தாள் வந்தாலும் அந்த வீட்டில் சித்தியிடம்தான் போகும். தனக்குப் புரியாத ஒரு தாள் என்றைக்காவது வந்து தன் பட்டத்தின் சாயம் வெளுத்துவிடும் என்று அவளுக்குள்ளே ஒரு பயம் எப்போதும் உண்டு. சாயங்காலம் முழுக்க அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பொடிசையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

மதிப்பீட்டு அலுவலர் விடைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். கேள்விக்கு மூன்று வட்டம். சரியான வட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். பொடிசு எதையும் நிரப்பவில்லை. எல்லா வட்டத்துக்கும் கண், மூக்கு, வாய் வரைந்து வைத்திருந்தது.

"இது என்னடி?"

"சரியான வட்டம் சிரிக்குது சித்தி. தப்பான வட்டம் அழுவுது."

"ஏன் நிரப்பல?"

"நிரப்பினா அதுக்குக் கண்ணு தெரியாதே."

சித்தி கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். சிரித்தது எல்லாம் சரியான விடை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சார், இவ எல்லாத்தையும் சரியா போட்டிருக்கா!"

"அதுல சந்தேகமே இல்லையே," என்றார் அலுவலர். "கெட்டிக்காரப் பொண்ணு."

"அப்ப மார்க்?"

"கருவிக்குத் தெரிஞ்சது கறுப்பு ஒண்ணுதான். மூணு வட்டத்துல எதுல மை அதிகமோ அதை விடையா எடுத்துக்கும். உங்க பொண்ணு அழுற முகத்துக்குத் தாராளமா கண்ணீர் விட்டிருக்கு. கருவி மேல தப்பு சொல்ல முடியாது."

"நீங்க பார்த்துத் திருத்தலாமே சார்? உங்களுக்குக் கண்ணு இருக்கே."

"இருக்கறதாலதான் கூடாது. மனுஷன் பார்த்தா அது பாரபட்சம்." அலுவலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தப் பள்ளியில சராசரிக்குக் கீழ ஒரு பிள்ளைகூட இருக்கக்கூடாதுங்கிறது நிர்வாகத்தோட லட்சியம்."

"சராசரின்னு ஒண்ணு போட்டா அதுக்குக் கீழ யாராவது இருக்கத்தானே சார் செய்வாங்க?"

"படிச்சவங்களே இப்படி நம்பிக்கை இல்லாம பேசலாமா?"

சித்தி தலை குனிந்தாள். அலுவலர் மனமிரங்கி, மறுதேர்வு எழுத விதியில் இடம் இருப்பதாகச் சொன்னார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமையலறைத் தரையில் பயிற்சி நடந்தது. சித்தி வட்டம் போட்டுக் கொடுத்தாள், பொடிசு நிரப்பியது.

"கண்ணு வேணாமா?"

"வேணாம்."

"வாயாவது?"

"வேணாம்டி."

"அப்ப அது எப்படிச் சாப்பிடும்?"

"சாப்பிடாது. அது விடை. உனக்குப் பட்டாணி பக்கத்துல உக்காரணுமா, வேணாமா?"

பொடிசு பென்சிலை அழுத்திப் பிடித்து, கோட்டைத் தாண்டாமல், ஒரு வட்டத்தை மூடியது. அடுத்ததை மூடியது. ஞாயிறு மாலைக்குள் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டது.

திங்கள் காலை நடந்த மறுதேர்வில் முழு மதிப்பெண். சிவப்புப் புள்ளி மலையின் வலது கோடிக்குப் போய்விட்டது.

"அந்தப் பக்கமும் அடிவாரம்தானே?" என்று கேட்டார் அப்பா.

"இது ஏறி இறங்கினவங்க இடம் மாமா."

அவர் திருப்தியாகி, மறுபடியும் டீ வாங்கிக் கொடுக்கக் கிளம்பினார்.

சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் மாடிக்குப் போனார்கள். பொடிசும் பட்டாணியும் பழைய பெஞ்சிலேயே இருந்தார்கள். ஆனால் நிர்வாகம் லட்சியத்தைக் கைவிடுகிற ரகம் இல்லை. கீழே மிஞ்சிய பிள்ளைகளுக்கு அடுத்த திங்கள்கிழமை புதிதாகச் சராசரி எடுத்தார்கள். என்ன ஆச்சரியம், அதற்கும் கீழே சில பிள்ளைகள் இருந்தார்கள்! அவர்களும் மாடியேறினார்கள். அடுத்த திங்களும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் மிஞ்சிய பிள்ளைகளின் வீடுகளில் பெருமை தாங்கவில்லை. ஆகவே யாரும் புகார் சொல்லவில்லை.

இது எங்கே போய் முடியும் என்பது சித்திக்கு முதல் திங்கள்கிழமையே தெரிந்துவிட்டது. கணக்கு அவளுக்கு வரும். அலுவலரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டவள், செருப்பை மாட்டும்போது இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தாள்: கடைசிவரை மிஞ்சப்போவது தங்கள் வீட்டுப் பிள்ளைதான். செருப்பைக் கழற்றிவிட்டாள்.

பட்டாணியின் முறை வந்த அன்று, அவளுடைய அம்மா பள்ளி வாசலில் சித்தியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க படிச்சவங்க. போன வாரம் மேல இருந்த பிள்ளை இந்த வாரம் எப்படிங்க கீழ போகும்? அவ எதையும் மறக்கலையே."

"கொஞ்சம் பயிற்சி குடுங்க," என்றாள் சித்தி.

கடைசியில் வகுப்பில் பொடிசு ஒன்றுதான் இருந்தது. அதன் மதிப்பெண்ணே சராசரி. வகுப்பறை வாசலில் 'இங்கு சராசரிக்குக் கீழே எவரும் இல்லை' என்று பலகை மாட்டினார்கள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. டீச்சர், பிள்ளைகள் அதிகம் இருக்கும் மாடிக்குப் போய்விட்டார். அங்கே பட்டாணியின் ஷூ லேஸை யார் கட்டிவிட்டார்களோ தெரியாது.

அன்று பொடிசு 'என் வகுப்பு' என்று ஒரு படம் வரைந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு நீள பெஞ்சு. பெஞ்சின் மேல் இரண்டு வட்டம். ஒன்று முழுக்கக் கறுப்பு, மற்றது வெறுமை.

"கறுப்பு யாருடி?" என்றாள் அம்மா.

"நான்."

"வெள்ளையா இருக்கறது?"

"பட்டாணி. அவ விடை இல்ல."

"கொஞ்சம்கூடக் கோட்டைத் தாண்டல பாருங்க!" என்று அம்மா பூரித்துப்போனாள். வண்டி நிறுத்தத்தில் காட்ட வேண்டும் என்று அப்பா கையை நீட்டினார்.

சித்தி உடனே கொடுக்கவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கறுப்புக்கு அடியில் எங்கேயாவது ஒரு கண், சின்னதாக ஒரு வாய் இருக்கிறதா என்று தேடினாள்.

இல்லை. நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.