சட்டைப் பையில் பதின்மூன்றாம் சீட்டு

மரணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க டைல்ஸ் விற்றேன். அதில் தவறு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை அப்படியே துவைக்கப் போட்டேன் பாருங்கள், அதுதான் தவறு.

"என்னங்க, செத்த இங்கிட்டு வாங்க."

சொர்ணவல்லி வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் என் நீலச் சட்டை. இன்னொரு கையில், இரண்டு விரல் நுனியில் மட்டும் பிடித்தபடி, அந்தச் சீட்டு. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரையில் ஏறி வருகிறது. தலைக்கு மேல் பதின்மூன்று.

"என்னங்க இது?"

அவளிடம் சொன்னதை அப்புறம் சொல்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நமக்குள் இருக்கட்டும்.

'நைன்த் லேன்டர்ன்' என்று ஒரு வீடியோ கேம் வரிசை இருக்கிறது. கதாநாயகன் ஒரு சின்ன ஊருக்குப் புதிதாக வந்து இறங்குவான். ஊரை ஓர் அரக்கன் பிடித்து ஆட்டுவான். அவனை ஒழிக்கக் கத்தியும் மந்திரமும் போதாது. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு டாரோ சீட்டு உண்டு; மேல்நாட்டில் குறி பார்க்கிற படச் சீட்டு. ஆஸ்பத்திரி நர்ஸ், பேரரசி. டீக்கடைப் பெரியவர், துறவி. கடிகாரக் கடை அம்மா, மரணம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, சூப் வாங்கிக் கொடுத்தால் உறவு ஒரு படி ஏறும். பத்துப் படி ஏறினால் அந்தச் சீட்டின் சக்தி நமக்கு. ஊர் நம் பக்கம் இல்லாவிட்டால் கடைசி அரக்கனின் ஒரு மயிரைக்கூடப் பிடுங்க முடியாது.

கதாநாயகனுக்கும் ஒரு சீட்டு உண்டு. எண் பூஜ்ஜியம். பெயர், முட்டாள். கையில் ஒன்றுமில்லாமல் நம்பிக்கையோடு கிளம்புகிறவன் என்று அதற்கு உயர்ந்த பொருள். இதை நான் வீட்டில் விளக்க முயன்றதே இல்லை.

நான்காம் பாகத்தின் சிறப்புப் பதிப்போடு அந்த இருபத்திரண்டு சீட்டுகளையும் அசலாக அச்சடித்து, பொருள் சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றோடு கொடுத்தார்கள். கூரியரைக் கடைக்கு வரவழைத்தேன். நான் டைல்ஸ் கடை மேனேஜர். 'ரெண்டுக்கு ரெண்டு, வழுக்காதது' என்று எழுதிய சாம்பிள் பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். விளையாடும் கருவி மகன் கவியரசன் திருச்சி ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. சொர்ணவல்லி இ-சேவை மையத்தில் ஆபரேட்டர். சாயங்காலம் ஐந்துக்கு முன்னால் வரமாட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற சாக்கில் தினமும் இரண்டு மணி நேரம் அந்த ஊரில் வாழ்ந்தேன். கடையில் எனக்கு நாள்பட்ட வயிற்றுக் கோளாறு என்று அனுதாபப்பட்டார்கள்.

காலையில் ஒரு சீட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அன்று மரணம் வந்தது. சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். அந்த விளையாட்டில் மரணச் சீட்டுக்குச் சாவு என்று பொருளே கிடையாது. பழையது முடியும், புதியது தொடங்கும். ஏதாவது கல்யாண மண்டபத்துக்காரர் மொத்தத் தரைக்கும் ஆர்டர் கொடுப்பார் என்று சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் மனைவியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் ஒரு சூடம் குறுக்கே நிற்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கை இளமதியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சொர்ணவல்லி முந்தின நாளே தங்கை ஊரான வல்லத்திராக்கோட்டைக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டிய நான், மூன்றாம் பாகத்தின் கடைசி அரக்கனை ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். அவன் சாகப் பத்தரை ஆயிற்று. கோவிலில் பையன் மொட்டைத் தலையோடு அழுதுகொண்டிருந்தான். பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஊசியோடு காத்திருந்த ஆசாரி, நல்ல நேரம் போகிறது என்று பையனின் பெரியப்பா மடியிலேயே வைத்துக் குத்திவிட்டார்.

"வண்டி பஞ்சர் மாப்ள" என்றேன். தங்கை புருஷன் கோபிநாத் போய் இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. சொர்ணவல்லியின் அண்ணன் அழகுமலையோடு அதற்கு முன்பே நின்றிருந்தது; அது வேறு கதை, அதில் தப்பு முழுக்க அவர் மேல். வீட்டுக்கு வந்ததும் சொர்ணவல்லி குலதெய்வம் கருப்பர் படத்துக்கு முன்னால் சூடத்தை ஏற்றினாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள புதுசா ஒரு கேமு வராது" என்று அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். உள்ளங்கை சுட்டது.

இப்போது அவள் கையில் எலும்புக்கூடு.

அந்த விளையாட்டில் யாராவது கேள்வி கேட்டால் திரையில் மூன்று பதில் வரும். எனக்கும் வந்தது. ஒன்று, உண்மை. இரண்டு, டைல்ஸ் டிசைன். மூன்றாவதை அமுக்கினேன்.

"எனக்குத் தெரியலையே சொர்ணம். யாரோ வச்சிருக்காங்க."

"யாரோ வச்சாங்களா? எங்க?"

"பஸ்ஸுல, கூட்டத்துல..."

"நீங்க வண்டியிலதான போறீங்க."

"டீக்கடைக் கூட்டத்துல."

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் கலங்கியது மாதிரி இருந்தது.

"அப்ப இது செய்வினைங்க."

"சேச்சே!"

"பின்ன? எலும்பன் குதிரையில வாரான். அதை ஒங்க நெஞ்சுக்கு நேரா வச்சிருக்காங்க. நீங்க வைக்கலைங்கிறீங்க. வேற என்ன?"

நான் வைத்தேன் என்றால் சூடம். வைக்கவில்லை என்றால் செய்வினை. செய்வினையே பரவாயில்லை என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை குறி சொல்லும் கோடாங்கி வந்துவிட்டார். பிச்சைமுத்து என்று பெயர். சொர்ணவல்லியோடு வேலை பார்க்கிற பெண்ணின் சித்தப்பாவாம். நெற்றி நிறையத் திருநீறு, கையில் உடுக்கை. சீட்டை வெற்றிலை மேல் வைத்து, கண்ணை மூடி, உடுக்கையை அடித்தார். திடீரென்று குரல் மாறியது.

"டேய் ஆத்மநாதா!"

எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒரு பச்சப்புள்ளைய மொட்டத் தலையோட காக்க வச்சியாடா?"

எனக்கு முதுகில் வேர்த்தது.

"சந்தனம் காஞ்சு வெடிச்சுச்சாடா?"

"வெடிச்சுச்சு சாமி."

"அந்தப் புள்ள அழுத அழுகைதாண்டா எலும்பனாக் கெளம்பி வந்திருக்கு!"

உண்மையிலேயே பயந்துவிட்டேன். சூடத்தை அடித்த கை வேறு குறுகுறுத்தது. அடுத்து கட்டிலுக்கு அடியில் இருப்பதைச் சொல்லிவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. கருப்பருக்கு வீடியோ கேம் தெரியாது என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

"வார வெள்ளிக்கெழம தங்கச்சி வாசல்ல போய் நிக்கணும். மாப்பிள்ள கையப் புடிக்கணும். ஆவணியில அந்த வீட்டுப் பொட்டப்புள்ளைக்குக் காது குத்துறாங்க. ஒன் மடியிலதான் குத்தணும். அதுவரைக்கும் கறி மீனு கவிச்சி கூடாது. எலும்பன வெள்ளாத்தங்கரையில பொதச்சுடணும். அப்புறம், கட்டவெரலு ரெண்டுக்கும் ஓய்வு குடுக்கணும்."

"கட்டவெரலா? எதுக்கு சாமி?"

"எதிர்த்துக் கேக்குறியாடா!"

உடுக்கை காதுக்குப் பக்கத்தில் அதிர்ந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் சொர்ணவல்லி சீட்டை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் குழி தோண்டினேன். கடைசியாக ஒரு தடவை பிரித்துப் பார்த்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பளபளத்தது. என் கண்ணில்தான் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு சீட்டில் ஒன்று போனால் மீதி இருபத்தொன்றும் வெறும் அட்டை. மண்ணைத் தள்ளி மூடினேன்.

வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டோடு தங்கை வீட்டு வாசலில் நின்றேன். கோபிநாத் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் வண்டியைப் பார்த்தார்.

"டயர்ல காத்து இருக்கா மச்சான்?"

மூன்று பதில் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாக வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அன்னைக்குப் பஞ்சர் இல்ல மாப்ள. டிவிக்கு முன்னாடி உக்காந்து வெளையாடிக்கிட்டு இருந்தேன். ஒரு கழுத அரக்கன். நேரம் போனது தெரியல. புள்ளையக் காக்க வச்சுட்டேன்."

இளமதி உள்ளேயிருந்து வந்தாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு எலை போட்டிருப்பேன்ல அண்ணே. பஞ்சர்னு சொல்லி எங்களக் கூமுட்டையாக்கப் பாத்தியே, அதுதான் ஆறல."

"தப்புத்தாம்மா."

"காப்பி குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்."

இரண்டு வருடமாக நான் குடிக்காத காப்பி. சீனி அதிகம். இரண்டு தம்ளர் குடித்தேன். அவள் மகன் நிலவழகன் கதவோரத்தில் நின்று என்னையே பார்த்தான்.

"மாமா, அந்த அரக்கன் செத்துட்டானா?"

"செத்துட்டான்டா."

"அப்பச் சரி" என்று விளையாடப் போய்விட்டான். அவன் மன்னித்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆவணியில் காதுகுத்து. எட்டு மணி முகூர்த்தத்துக்கு ஆறு மணிக்கே கோவிலில் மடி விரித்து உட்கார்ந்துவிட்டேன். பந்தல்காரருக்கு முன்னால் வந்த தாய்மாமன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பாப்பா என் சட்டைப் பையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். கண்ணீரும் சளியுமாகப் பை நனைந்தது. அப்பாடா என்று இருந்தது. இரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. செய்வினை தீர்ந்தது என்று கருப்பரைக் கும்பிட்டேன்.

பந்தியில் கோபிநாத் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். எதிர் வரிசையில் ஒருவர் இரண்டாவது தடவையாகப் பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம். நெற்றியில் திருநீறு மட்டும் இல்லை.

"தெரியும்ல மச்சான்? பபூன் பிச்சமுத்து அண்ணன். நம்ம ஊருத் திருவிழா நாடகத்துல சிரிக்க வைக்கிறதுக்கு வருசா வருசம் இவருதான்."

"கோடாங்கி இல்லையா?"

"எந்த வேசம் குடுத்தாலும் பிரமாதமாக் கட்டுவாரு."

பிச்சைமுத்து என்னைப் பார்த்துக் கட்டைவிரல் இரண்டையும் உயர்த்திக் காட்டினார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பின்னால் இருந்த சொர்ணவல்லியைக் கேட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"சட்டப்பையிலேருந்து எடுத்த அன்னைக்கே. சீட்டுக்கு அடியில பொடி எழுத்துல கேமு பேரு, நாலாம் பாகம்னு போட்டிருக்கே. படிக்கத் தெரியாதவளா நானு?"

"பெட்டி?"

"பெருக்கையில வெளக்குமாறு பட்டதுக்கே டைல்ஸ் பொட்டி அங்கிட்டு ஓடுதுங்க. அதுவும் வழுக்காத டைல்ஸு."

நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தக் கேமைப் போட்டுப் பாத்தேன். அந்த நர்ஸம்மாவுக்குப் பத்தாவது படி. டீக்கடைத் தாத்தாவுக்குப் பத்தாவது படி. கடிகாரக் கடையம்மாவுக்குப் பொறந்தநாளுக்குப் பூவு வேற குடுத்திருக்கீங்க. எனக்கு மனசே ஆறல. இவ்வளவு பாசத்தை வச்சிக்கிட்டு, அரைமணி நேரத்துல இருக்கிற தங்கச்சி வீட்டுல ஒரு காப்பி குடிக்க முடியலையேன்னு."

வண்டிக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தேன்.

"நேராச் சொன்னா போவீங்களா? மாட்டீங்க. அதான் எலும்பனைக் கூப்புட்டேன். பழசு முடியும், புதுசு தொடங்கும்னு அந்தச் சின்னப் பொஸ்தகத்துலயே போட்டிருக்குல்ல?"

"கோவம் இல்லையா சொர்ணம்? சூடம் அடிச்சேனே."

"அதுக்குத்தான் ஒன்றரை மாசம் கவிச்சி இல்லாமப் போட்டேன். கருப்பருக்கும் எனக்கும் கணக்குத் தீந்துச்சு. இனிமே ஒளிஞ்சு ஒளிஞ்சு வெளையாட வேணாம். ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம், முன் ரூமுலயே உக்காந்து வெளையாடுங்க. பாவம், கடையில வயித்து வலிக்காரருன்னு பேரு எடுத்துட்டீங்க."

அந்தப் புளியமரத்தடியில் அப்படியே கண்ணை மூடி நின்றேன். பொய் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை ஒளிக்க வேண்டியதில்லை. தங்கை வீட்டில் இனி எந்த நாளும் காப்பி உண்டு. ஒரே ஒரு குறைதான் மிச்சம்.

"எல்லாம் சரி சொர்ணம். அந்தச் சீட்டை மண்ணுல பொதச்சுட்டேனே. செட்டே போச்சே."

"ஐயே, அழாதீங்க. நீங்க பொதச்சது கலர் ஜெராக்ஸு. சென்டர்ல நானே எடுத்து லேமினேஷன் போட்டது."

சந்தோஷத்தில் நடுரோட்டில் அவள் கையைப் பிடித்துவிட்டேன். "அப்ப ஒரிஜினலு?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. தையில எங்க அண்ணன் புது வீட்டுக்குப் பால் காச்சுறாருல்ல, அதுக்கு வேணும்."