ஊதாப் பையன்

"பார்த்தா ஒட்டுவாரொட்டி மாதிரி தெரியுதே!" என்று பிரின்ஸிபால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஜஹீரா மகனைப் பார்த்தாள். யு.கே.ஜி. படிக்கும் ஃபயாஸின் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஊதா மருந்து பளபளத்தது.

"எக்ஸிமா மேடம். சொறிஞ்சு சொறிஞ்சு கிருமி சேர்ந்துடுச்சாம். அதுக்குத்தான் இந்த மருந்து. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"உங்களுக்கு ஒரு பையன்மா. எனக்கு ஸ்கூல் முழுக்கப் பசங்க. நாளைக்குப் பாப்போம்."

நாளைக்கு என்றால் இன்னொரு லீவு. பம்மலில் அவள் பில் போடும் துணிக்கடை சூப்பர்வைசர், "ஒரேயடியா வீட்லயே இருந்துடுங்களேன்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

மறுநாள் ஃபயாஸுக்கு முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் மாட்டினாள். ஷேர் ஆட்டோ நெரிசலில் வியர்த்து, மருந்து கரைந்து, வெள்ளைச் சட்டை திட்டுத் திட்டாக ஊதாவானது.

எதிர் சீட்டு அம்மாள் ஆசையாகக் கேட்டாள்: "கத்திரிக்கா வேஷமா கண்ணு?"

ஜஹீராவுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. "ஆமாங்க" என்றாள்.

பிரின்ஸிபால் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கறை அப்படியே இருந்தது, தோல்தான் உரிந்தது. பிள்ளை வீறிட்டான். அவன் கையை ஊதிக்கொண்டே அவளும் அழுதாள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரும்மா உங்கள தேய்க்கச் சொன்னது?"

சொறிந்து வைத்திருந்த கழுத்துக்கும் சேர்த்து ஊதா மருந்தைத் தடவினார். இப்போது சட்டைக்குள்ளும் மறைக்க வழியில்லை.

"ஒட்டாதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்துடுங்க சார். இல்லேன்னா என் வேலை போயிடும்."

சீல் வைத்துக் கொடுத்தார்.

"அம்மா, நான் எப்போ பழைய கலர் ஆவேன்?" என்றான் ஃபயாஸ், ஆட்டோவில்.

"நான் தூங்கினதுக்கப்புறம் கேளுடா."

சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை சர்டிபிகேட்டை முன்னால் நீட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். கேட்டில் பூட்டு தொங்கியது. வாட்ச்மேன் சவுரிமுத்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மேடத்தைப் பாக்கணும்."

"கிட்ட வராதம்மா, அங்கயே நில்லு! ஸ்கூல் ஒரு வாரம் லீவு. மேடத்துக்கு மெட்ராஸ் ஐ. அவங்க ஒரு ஆளுகிட்டேருந்து மொத்த ஸ்கூலுக்கும் ஒட்டிக்கிச்சு."