சிறுவாணித் தண்ணி குடிச்ச பேட்டரி

பூ மார்க்கெட், கோயமுத்தூர்.

கர்த்தருடைய கிருபையால் தாராபுரத்தில் சுகமாக வாழும் என் நாத்தனார் கிளாடிஸ் கண்ணுக்கு, உன் அண்ணி ஞானாபரணம் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் ஊட்டுக்காரரும், பிள்ளைகளும், அமராவதியில் தண்ணீரும் நலமா? உங்கண்ணன் கர்த்தர்கிட்டப் போனதிலிருந்து, வந்து கூட இருக்கட்டுமா அண்ணின்னு தினமும் போன்ல கேட்கிறாய். வேண்டாம்னா குரல் ஒரு மாதிரி இருக்குதுங்கறே. எழுத்துக்குக் குரல் கிடையாது, அதனால எழுதறேன்: நான் நல்லா இருக்கறேன், நீ வர வேண்டியதில்லை. இங்க கெட்டுப்போனது இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணுதான்.

அதை உங்கண்ணன் எப்படிப் பார்த்துக்கிட்டாருன்னு உனக்கே தெரியும். சர்ச்சுல இருந்து வந்ததும் வேட்டியை மடிச்சுக் கட்டி, மூடியெல்லாம் திறந்து, கடையில வாங்குன பேட்டரித் தண்ணியைப் புனல் வச்சு ஊத்துவாரு. நான் சாப்பிட்டனான்னு கேட்டவரில்லை, அதுக்குத் தாகம் எடுக்கறது மட்டும் தெரியும். அவருக்கப்புறம் அந்த வேலையை நான் எடுத்துக்கிட்டேன். பாட்டில் தீர்ந்துபோச்சு. உலகத்துலயே ருசியான சிறுவாணி நம்மூட்டுக் குழாயில வருது, கடைத் தண்ணி எதுக்குன்னு, துணியில வடிகட்டி வாராவாரம் மனசார ஊத்திப்போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஊட்டுல ஜெபம் வச்சேன். மாடியில குடியிருக்கற கிறிஸ்டோ பீளமேட்டுக் காலேஜ்ல கரண்டுப் பாடம் எடுக்கறவன், பேட்டரி தாங்குமான்னு கேட்டதுக்கு மீட்டர் வச்சுப் பார்த்து, ஃபுல்லுங்க ஆன்ட்டின்னுட்டான். பாஸ்டர் உங்கண்ணனைப் பத்தி நல்லதா பேச ஆரம்பிக்கறப்பவே கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் புடிச்சுக்கிச்சு, எல்லாரும் ஸ்தோத்திரம்னாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம், வெக்கையா இருக்குதேன்னு இன்னும் ரெண்டு ஃபேனைச் சேர்த்துப் போட்டேன். லைட்டு மங்கி, ஃபேன் முனகி, இன்வெர்ட்டர் கீச்சுன்னு கத்திட்டு மொத்தமா நின்னுபோச்சு. அந்த இருட்டுல பக்கத்தூட்டு லட்சுமியம்மாள் பாஸ்டர் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பாஸ்டர் வெறுங்கால்ல போனாரு.

கிறிஸ்டோ தலையைச் சொறிஞ்சான். பாடத்துல வர்ற பேட்டரிக்கு உள்ளார தடையே கிடையாதாம், எத்தனை ஃபேன் போட்டாலும் அதே வோல்ட்டு குடுக்குமாம். அப்படியொண்ணு எந்தக் கடையிலயும் இல்லியாம். நெசப் பேட்டரிக்கெல்லாம் உள்ளார ஒரு தடை உண்டு, வெளிய குடுக்கறப்ப அது கொஞ்சத்தைத் தின்னுபோடும், வயசாகி கண்ட தண்ணியும் உள்ள போனா தடை ஏறுமாம். சிறுவாணியைக் கண்ட தண்ணிங்கறான், வாடகைக்கு இருக்கறவன் பேசற பேச்சா அது. அப்ப மீட்டர் ஏன் ஃபுல்லுன்னுச்சுன்னு கேட்டேன்.

"மீட்டர் அதுகிட்ட ஒண்ணும் கேக்கறதில்லைங்க ஆன்ட்டி. சும்மா இருக்கறப்ப நல்லாத்தான் காட்டும். வேலை குடுத்தாத்தானுங்க உள்ள இருக்கறது தெரியும்."

நாளைக்குப் புதுப் பேட்டரி வருது, பழசை எடுத்துக்குவாங்க. அதனால நீ கவலைப்படாதே, வராதே. கர்த்தர் உன் ஊட்டையும் தோட்டத்தையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணி
ஞானாபரணம்

பி.கு: நாளைக்குன்னவரு, கவரை ஒட்டறதுக்குள்ள பேட்டரிக் கடை ரசாக் இன்னைக்கே வந்துட்டாரு. பழசைத் தூக்குனப்ப, பார்த்துத் தூக்குங்கன்னுதான் சொல்ல வந்தேன். பாதியிலயே குரல் மங்கிப்போச்சு. அவர் பேட்டரியைக் கீழ வச்சுட்டு எனக்குத் தண்ணி மோந்து குடுத்தாரு. கண்ணு, மேல எழுதுனதெல்லாம் மீட்டர் காட்டுனது. இது கிடைச்சதும் பஸ் ஏறி வந்துரு. பாட்டில்ல தண்ணி கொண்டாராதே. சிறுவாணி இருக்குது, நாம குடிக்கறதுக்கு.