ஆட்டம் வண்டியிலா, கையிலா?

நாமக்கல்லில் எங்கள் லாரிப் பட்டறையைச் சுற்றி, ஆட்டக்காரர் பிடித்து ஆட்டிப் பார்க்காத பொருள் கிடையாது. டீக்கடை பெஞ்சு, கோயில் உண்டியல், வங்கி மேலாளரின் மேசை, கல்யாண மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த நாற்காலி, மாப்பிள்ளையோடு சேர்த்து. "ஆட்டம் இருக்குதுங்க" என்று அறிவித்துவிட்டுத்தான் அட்சதை போடுவார்.

லாரியின் முன்பக்கத்தில், சக்கரம் திரும்புகிற இடங்களில் தேய்ந்த பாகங்களை மாற்றுவது அவர் வேலை. பாகம் தேய்ந்தால் இடைவெளி விழும். சக்கரம் தளர்ந்து ஆடும். பட்டறையில் அதற்கு ஆட்டம் என்று பெயர், அதனால் அவருக்கு ஆட்டக்காரர் என்று பெயர். இது தெரியாத ஒரு விழாக் குழுவினர், பெயரை மட்டும் கேள்விப்பட்டு, மாரியம்மன் நோம்பிக்குக் கரகம் ஆட அவரை அழைத்துப் போனார்கள். போனவர் மேடைக் காலைப் பிடித்து ஆட்டி, "இதும்மேல ஒருத்தரும் ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் கரகாட்டம் தரையில் நடந்தது.

ஆட்டோமொபைல் படித்துவிட்டு நான் பட்டறையில் பரிசோதனைப் பொறுப்பில் சேர்ந்த முதல் நாளே என் நாற்காலியை ஆட்டினார். "ஆட்டம் இருக்குது அம்மிணி." நான் எழுந்து போய் அவர் ஸ்டூலை ஆட்டினேன். "இதுலயும் இருக்குதுங்க." அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

டீக்கடைக்காரரோடு மட்டும் அவருக்குத் தினமும் தகராறு. "ஏனுங்க, கெணத்தையே மொண்டு ஊத்திட்டீங்களா? பாதி ஊத்துங்க போதும்." கொடுக்கிற காசுக்குக் குறைத்துக் கேட்கிற ஒரே வாடிக்கையாளர். அவருடைய கிறுக்குகளில் இதுவும் ஒன்று என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் சுப்பண்ணன் வந்தார். முட்டை லோடு அடிக்கும் ஒரு பழைய லாரிக்கு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. வந்தது பழுது பார்க்க அல்ல.

"வண்டிய வெலைக்குக் குடுத்தர்லாம்னு இருக்கறனுங்க. ஆளிருந்தாச் சொல்லுங்க. கையி நடுங்குது. ஸ்டியரிங்கு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. எறங்கின பொறவும் வெரலெல்லாம் விறுவிறுங்குது."

அஸ்தம்பட்டியில் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு நரம்பில் கோளாறு இல்லை என்று சொல்லியிருக்கிறார். சுப்பண்ணன் நம்பவில்லை. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

ஆட்டக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தோளைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார்.

"என்னைய எதுக்குங்க ஆட்டறீங்க?"

"ஆட்டம் உன்ற கையிலயா வண்டியிலயான்னு பாக்கோணுமில்ல. உன்னைய ஜாக்கி வெச்சுத் தூக்க முடியாது. வண்டிய உள்ள உடு."

முன் அச்சைத் தூக்கி, வலது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடக் என்றது. "பிரேக்க மிதி அம்மிணி." ஏறி மிதித்தேன். பிரேக் பிடித்தால் சக்கர பேரிங்கின் ஆட்டம் அடங்கிவிடும். அப்போதும் ஆடினால், சக்கரம் இடமும் வலமும் திரும்ப உதவும் தடித்த ஆணியான கிங்பின்தான் தேய்ந்திருக்கும். ஆடியது. நான் டயல் கேஜ் வைத்து அளந்தேன். இருக்கலாம் என்ற அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. இடது பக்கமும் அப்படியே.

பழைய கிங்பின் வெளியே வர மறுத்தது. சூடு காட்டி, சம்மட்டியால் அடித்து, அதன் பரம்பரையையே திட்டி ஆட்டக்காரர் அதை வெளியே கொண்டுவந்தார். உரசிய இடங்களில் ஆணி சிறுத்துப் போயிருந்தது. புதிய கிங்பின், அதைச் சுற்றி வரும் புஷ் வளையம், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள், ஸ்பிரிங் பட்டையின் தொங்கல் புஷ்கள் என்று வரிசையாக மாற்றினோம். ஒவ்வொன்றையும் அவர் ஆட்டினார், நான் அளந்தேன். கடைசியில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். லாரியே அசைந்தது, சக்கரம் தனியாக அசையவில்லை. கொஞ்சம் ஏமாந்தவர் போலத்தான் தெரிந்தார்.

சுப்பண்ணன் திருச்செங்கோடு சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டக்காரர் டீக்கடைக்காரரிடம் முதல் முறையாக, "வழியற மாதிரி ஊத்துங்க" என்றார். பிறகு சுப்பண்ணனிடம், "கிளாஸ எடு. கைய நீட்டிப் புடி."

விளிம்பு வரை நின்ற தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"நிக்குதுங்க" என்றார் சுப்பண்ணன், மெல்லிய குரலில்.

"எப்பவும் நின்னுட்டுத்தான் இருந்துச்சு. வண்டிதான் உன்னைய ஆட்டிப்போட்டுச்சு."

"கோளாறு எங்கையில இல்லைன்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"கையி நடுங்கறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும்."

டீக்கடைக்காரர் அந்தச் சந்தோஷத்தில் ஆட்டக்காரருக்கும் நிறைய ஊற்றிக் கொடுத்திருந்தார். அவரும் ஏதோ நினைப்பில் வாங்கிவிட்டார். வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் இருந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். சுப்பண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, துடைத்து வைத்திருந்த டயல் கேஜை மறுபடி துடைத்தேன்.

இப்போது டீ வாங்குவது என் பொறுப்பு. அவருக்கு அரை கிளாஸ் வாங்குகிறேன். அது முடிந்ததும், இன்னோர் அரை கிளாஸ்.