நாகலூருக்கு நடந்துபோன முதல் மனிதன்

வரலாறு படித்தவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. அரிசி வாங்கக் கடைக்குப் போனாலும், நெல் முதன்முதலில் எங்கே விளைந்தது என்பதிலிருந்துதான் யோசிக்க ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தக் கோளாறு நன்றாக முற்றியிருந்த எண்பதுகளில்தான் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓட்டு வீடும் வாடகைக்குக் கிடைத்தது. எஸ்தரைக் கல்யாணம் செய்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சேலத்தில் மாமனார் வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போக வேண்டியதுதான் பாக்கி.

மாமனார் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்தவர். யார் எதை எங்கே அனுப்பினாலும் அது ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்க்கைத் தத்துவம். கட்டிலும் பீரோவும் பிறகு லாரியில் வருவதாக ஏற்பாடு. முதல் நாளுக்கு வேண்டிய சாமான்களோடு நாங்கள் பஸ்ஸில் போய்விட வேண்டும் என்றார்.

நான் மறுத்துவிட்டேன். காரணம், அப்போது நான் படித்துக்கொண்டிருந்த ஒரு தடித்த புத்தகம். அமெரிக்கக் கண்டத்துக்கு முதல் மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் விஷயம். பனிக்காலத்தில் கடல் வற்றி சைபீரியாவிலிருந்து அலாஸ்காவுக்குத் தரைவழி கிடைத்ததாம். அப்புறம் இரண்டு பெரிய பனிப்பாளங்கள் விலகி நடுவில் ஒரு சந்து விட்டதாம். ஈட்டி, பெண்டாட்டி, பிள்ளை, நாய் சகிதம் அந்தச் சந்து வழியே நடந்துபோனார்களாம். அவர்களுக்கு முன்னால் அந்தக் கண்டத்தில் ஒருவரும் கிடையாது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அடிவாரத்திலிருந்து மலைக்குப் பழைய ஒற்றையடிப்பாதை இருக்கும்போது நாமும் அப்படிக் குடியேறினால் என்ன?

“ஏனுங் மாப்ள, மலைக்குத்தான் பஸ்ஸு ஓடுதுங்களே?” என்றார் மாமனார்.

“அவங்களுக்கு பஸ் இல்லீங்க மாமா.”

“அவங்களுக்கு இல்லீங்க. உங்களுக்கு இருக்குதுங்களே.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. (இன்றுவரை இல்லை.) ஆனால் பதில் இல்லாததால் நான் எதையும் கைவிட்டதாகச் சரித்திரமே கிடையாது. மாமனார் கடைசியாக ஒன்று சொன்னார்.

“பதினோரு மணிக்குப் பாஸ்டரய்யா ஜெபத்துக்கு வர்றாருங்க. நானும் வந்துருவனுங்க. அதுக்குள்ள புது ஊட்டுல பால் பொங்கிருக்கோணும். பொங்கலீன்னா எம்புள்ளைய அடுத்த பஸ்ஸுலயே கூட்டீட்டு வந்துருவேன். குடும்பம் நடத்தப் படிச்சுப்போட்டு அப்பறமா வந்து கூட்டிக்கலாமுங்க.”

பொழுது விடியும்போது அடிவாரத்திலிருந்து புறப்பட்டோம். என் முதுகில் பம்ப் ஸ்டவ், தலையில் தகரப்பெட்டி, தோளில் தொங்கிய பையில் கல்யாணப் பரிசாக வந்த சுவர்க்கடிகாரம், இன்னொரு பையில் வாழைப்பழச் சீப்பு, இடுப்பில் அம்மிக் குழவி. (அம்மி லாரியில் வரும். குழவி தனியாகக் கிடந்தால் தொலைந்துபோகும் என்று மாமியார் கொடுத்தனுப்பினார்.) கையில் ஈட்டிக்குப் பதிலாக ஒரு மூங்கில் தடி. பனிப்பிரதேச உணர்வு வேண்டும் என்று இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டிருந்தேன். மே மாதம். எஸ்தர் பால்சட்டியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டாள். பால் ஏற்காடு பஜாரில் வாங்கிக்கொள்வதாகத் திட்டம். புத்தகத்தில் நாய் இருந்ததால் மாமனார் வீட்டு ஜிம்மியும் வந்தது.

ஒற்றையடிப்பாதை மலைப்பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்துக்கு வந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்றால் அதற்கு முதலில் ஸ்டவ்வைக் கழற்ற வேண்டும். எஸ்தர் ஒரு கல்லில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்.

“ஏனுங்க, அந்தச் சனங்க எத்தன நாளு நடந்தாங்க?”

“நாளா? பல தலைமுறை நடந்திருக்காங்க,” என்றேன் பெருமையாக.

கீழ் வளைவில் பஸ் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது.

“அப்ப நீங்க நடந்துட்டே இருங்க. நான் போயி அடுப்பப் பத்த வெக்கிறேன்,” என்று எழுந்து கையைக் காட்டினாள்.

பஸ் நின்றது. ஜிம்மி அவளுக்கு முன்னால் ஏறிவிட்டது. கண்டக்டர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, “சார் வரலீங்களா?” என்றார்.

“அவரு ஆராய்ச்சி பண்றாருங்க. நாய்க்கு லக்கேஜ் டிக்கெட் குடுங்க,” என்றாள் எஸ்தர்.

பஸ் போன திசையைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன். என்னை நினைத்து அல்ல, அவர்களை நினைத்து. கூட்டத்திலிருந்து பிரிந்துபோகும் பலவீனமானவர்கள் வழியில் அழிந்துபோவதுதான் வரலாறு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். முதலில் குழவியை ஒரு புதரில் வைத்தேன். அப்புறம் தகரப்பெட்டி. பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். இளைப்பாற உட்கார்ந்த இடத்தில் குரங்குகள் வந்து வாழைப்பழப் பையைப் பிடுங்கி, என் கண்ணெதிரே மரத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்று தோலை என் மேலேயே போட்டன. நேரம் என்ன என்று கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஸ்டவ் என் முதுகில் இருக்கிறது. அங்கே வெறும் வீடு. பாஸ்டர் வேதாகமத்தை விரித்திருப்பார், மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார், எஸ்தர் அடுத்த பஸ்ஸில் சேலத்துக்குக் கிளம்பிவிடுவாள். கண்டம் போனால் போகிறது, அவள் போய்விடக்கூடாது என்று இருந்தது. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவே பிடிக்காமல் பாறை மேல் வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தேன். (ஓட்டம் என்பது என் கணிப்பு. விறகுச் சுமையோடு வந்த இரண்டு பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.)

பாதை என்னை ஏற்காட்டில் கொண்டுபோய் விட்டது. நாகலூர் அங்கிருந்து இன்னும் தூரம் என்பதை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. வீட்டை அடைந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கொல்லைப்புறம் வழியாக நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று கல் அடுப்பு. காப்பிச் சுள்ளிகளின் கரி. சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிப்போய்ச் சில்லென்று இருந்தது. பக்கத்தில் ஜிம்மி தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

“வாங்க மாப்ள,” என்றார் மாமனார், படியில் உட்கார்ந்தபடி. “இந்த ஊட்டுக்கு எம்புள்ள மொதல்ல வந்துச்சு. அப்பறம் நாயி. அப்பறம் நானு, பாஸ்டரய்யா. நீங்க கடைசிங்க.”

எஸ்தரைத் தேடினேன். உள்ளேயிருந்து எனக்காக எடுத்துவைத்த பாலைக் கொண்டுவந்தாள். ஆடை தடித்துக் கிடந்தது. அதைக் குடிக்கும்போது என் கண்ணில் தண்ணீர் வந்ததை இருவரும் பார்த்துவிட்டார்கள்.

“பால் பொங்கிருச்சு. எம்புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க,” என்றார் மாமனார் கிளம்பும்போது. “உங்கள நம்பி வுட்டுட்டுப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. அவள நம்பி உங்கள வுட்டுட்டுப் போறேன்.”

அவர் அதோடு விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் மேலே வந்து அந்தப் பாதை வழியே இறங்கி, நான் போட்டுவிட்டு வந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மறுபடி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூட்ஸ் ஷெட் முறைப்படி விவரத்தோடு ஒப்படைத்தார்.

“பெட்டி கெடந்த எடத்துல மாப்பிள்ளைக்குக் காலு வலிச்சிருக்கு. கடிகாரத்துக்கிட்ட ஒரே வாழப்பழத் தோலுங்க. ஒரு சீப்பையும் ஒண்டியாளாத் தின்னுபோட்டு உக்காந்திருக்காரு. நொம்பப் பசி போலிருக்கு.”

குரங்கு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. தொல்லியல் முடிவுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். எங்கள் குடும்பத்தில் இப்போதும் கல்யாண வீட்டுக்கு யாராவது பந்தி முடிந்து வந்தால், “ஏன், நடந்து வந்தீங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் பேப்பரில் ஒரு செய்தி. அந்தப் பனிச்சந்தில் நடந்தவர்கள் முதல் ஆட்கள் இல்லையாம். அவர்களுக்கும் முன்னால், கண்டத்தின் தெற்குக் கோடியில் யாரோ அடுப்பு மூட்டிய கரி கிடைத்திருக்கிறதாம். சந்து திறக்கும் முன்பே கரையோரமாகப் படகில் போயிருக்கலாம் என்கிறார்களாம் அறிஞர்கள். நான் பாதி வாழ்க்கை நம்பிய விஷயம் ஆயிற்றே, எஸ்தரிடம் வாசித்துக் காட்டினேன்.

அவள் அவரைக்காயில் நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

“நான் அன்னைக்கே பஸ்ஸப் புடிச்சனே,” என்றாள். “அங்க மொதல்ல அடுப்பு மூட்டுன அம்மாளும் அப்படித்தான் பண்ணியிருக்கும்.”