இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு நிபுணர்

பழுதுகள் இரண்டு வகை. தானாகச் சரியாகிறவை, நிபுணர் வந்து பார்த்தவை. இரண்டாம் வகையை உற்பத்தி செய்யும் ஜீவராசியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் மடிக்கணினிப் பை, பைக்குள் பிறந்ததிலிருந்தே சிக்கலாயிருக்கும் வயர், முகத்தில் "நான் வர்றதுக்கு முன்னாடி யாரு கை வச்சது?" என்ற சந்தேகம். கண்டதும் எழுந்துவிடுங்கள். எப்படியும் உங்கள் நாற்காலியைத்தான் கேட்பார்.

நான் பார்த்தவர் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒரு கட்டிடம், ஆபரேஷன் தியேட்டர் எதிர்க் கட்டிடம், இரண்டின் கம்ப்யூட்டர்களையும் இணைக்க பிரிட்ஜ் என்றொரு சின்னப் பெட்டி. அன்று பரிசோதனைக் கூடத்தில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, அதன் முகவரியையே கொடுத்துப் புதுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். தியேட்டர் கம்ப்யூட்டருக்கோ பழையதுதான் ஞாபகம். கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அதுவே மறந்து, "இந்த முகவரி யாருடையது?" என்று பிரிட்ஜ் வழியாகக் குரல் கொடுத்து, புதியது "என்னுடையது" என்று சொல்லி, விவகாரம் முடிந்திருக்கும். விட்டார்களா? அவரைக் கூப்பிட்டார்கள்.

முகவரி வேலை செய்கிறதா என்று பார்க்க, அவர் அதையே தன் மடிக்கணினிக்கும் போட்டுக்கொண்டார். அப்புறம் தியேட்டர் கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேர் "நான்தான்" என்றார்கள். அது நம்பியது இவருடைய மடிக்கணினியை; ரிப்போர்ட்டையும் அதனிடமே கேட்டுக்கொண்டிருந்தது.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஒருவர், எந்த நேரமும் வெடிக்கக்கூடிய குடல்வாலோடு படுத்திருந்தார். ரத்த ரிப்போர்ட் திரையில் வராமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றார் டாக்டர்.

"ஏன் தம்பி, பேப்பர்ல எடுத்துட்டு வந்தா ஆகாதா? எதிர் பில்டிங்தானே," என்று நிபுணரைக் கேட்டார் நோயாளியின் மனைவி.

"எடுத்துட்டு வரலாம்மா. வந்துட்டா பிரச்சனை எங்கேன்னு தெரியாமப் போயிடும்."

"அவருக்கு வயித்துலப்பா."

நிபுணர் காதில் விழவில்லை. பிரிட்ஜைப் பிடுங்கிச் செருகினார், வயரை மாற்றினார், மாற்றிய வயரைச் சந்தேகித்தார், பெட்டியைத் தயாரித்தவர்களின் படிப்பைச் சந்தேகித்தார். மடிக்கணினியைச் சந்தேகிக்கவில்லை. அது அவருடையதாயிற்றே.

கடைசியில் நர்ஸ்தான் சொன்னார்: "சார், ரொம்பச் சோர்ந்துட்டீங்க. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போனார். டீ ஆறுவதற்குள் ரிப்போர்ட் வந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

"வந்துடுச்சா? வரும்னு தெரியும்," என்றபடி திரும்பினார். நோயாளியின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அடக்கமாகத் தலையசைத்துவிட்டு, எப்படிச் சரிசெய்தோம் என்று தெரிந்துகொள்ள மடிக்கணினியைத் திறந்தார்.

அடுத்த நோயாளியின் ரிப்போர்ட் நின்றது.

"சார், இன்னொரு டீ?" என்றார் நர்ஸ்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே, போன தடவை நீங்கள் லீவில் இருந்தபோது ஆபீஸ் எப்படி ஓடியது என்று பக்கத்து மேஜைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "நல்லா ஓடிச்சு" என்று சட்டென்று சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டால், ஒன்றும் கேட்காதது போல் எழுந்து டீ குடிக்கப் போங்கள். மெதுவாகக் குடியுங்கள்.